மொட்டப்பாறையில் பார்க்காத பறவை

பிப். 7, சனி

பனி. எட்டு மணி வரை எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி தெரியவில்லை. பருத்தி எடுக்கப் போகிறவர்கள் தலையில் துண்டோடு தெருமுனையில் வேனுக்கு நின்றார்கள்.

செய்ய வேண்டியவை: மாடி அறை பெருக்க. மகள் திவ்யாவின் பழைய புத்தகங்கள் அட்டைப்பெட்டிக்குள். போர்வை வெயிலில். கொசுவத்தி. பால் அரை லிட்டர் கூடுதல். பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்குச் செம்பருத்தி, துளசித்தண்டு. யாராவது பிள்ளையிடம் சொல்லி வைக்க.

நாளை நந்தினி வருகிறாள். கோயம்புத்தூர்ப் பெண். முனைவர் பட்டத்துக்கு மஞ்சள் தொண்டைச் சின்னான் பற்றி ஆய்வு. தென்னாட்டுப் பாறைக் குன்றுகளில் மட்டும் வாழும் பறவை, உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அது பதிவான குன்றுகள் ஒவ்வொன்றுக்கும் போய், இன்னும் இருக்கிறதா என்று பார்த்து வருகிறாள். எங்கள் மொட்டப்பாறைக் காப்புக்காட்டுக்கு ஒரே ஒரு பதிவுதான். பதினொரு வருடம் பழையது. பார்த்தவர்: ஜெயந்தி, தாவரவியல் ஆசிரியை, கோவில்பட்டி. நான்.

போனில், "ஆறு நாள் இருக்கலாமுங்களா மேடம்? உங்க பாயின்ட்டுதான் எனக்கு ரொம்ப முக்கியம். கரிசல்ல வேற பாயின்ட்டே இல்லீங்க" என்றாள். வீட்டிலேயே தங்கச் சொன்னேன். ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்திருக்கலாம். தோன்றவில்லை.

அந்தப் பதிவு பொய். நான் அந்தப் பறவையைப் பார்க்கவில்லை.

இதை இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன். எழுதினால் என்னவாவது ஆகும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. போர்வையை மடித்து வைத்தாயிற்று. அரிசி ஊறப் போட வேண்டும்.

பிப். 8, ஞாயிறு

அதிகாலை ரயில் இருபது நிமிடம் தாமதம். முதுகுப் பை அவளைவிடப் பெரிது. ஆறு இட்லி சாப்பிட்டாள். "மேடம், இந்த மொளகாப்பொடி அருமைங்க." நல்ல பெண். அது ஒரு தொந்தரவு.

ஸ்கூட்டரில் மொட்டப்பாறை. இரண்டு பக்கமும் கரிசல். உளுந்து எடுத்து முடிந்த காடு, கொத்தமல்லி காய்ந்துகொண்டிருக்கும் காடு. நடுவில் அந்தப் பாறை மேடு. காப்புக்காடு என்ற பலகையில் 'கா' மட்டும் துருப்பிடிக்காமல் இருக்கிறது. உடை, உசில், கள்ளி, சூரை முள். மேலே போனால் வெறும் பாறை.

7.10 முதல் 10.30 வரை பார்த்தவை:
செம்புழைச் சின்னான் - 14
வெண்புருவச் சின்னான் (இனி வெ.பு.சி.) - 9
மாம்பழச்சிட்டு - 3
பச்சைப் பஞ்சுருட்டான் - 6
பனங்காடை - 1
கௌதாரி - குரல் மட்டும்
மயில் - எண்ணவில்லை
மஞ்சள் தொண்டைச் சின்னான் (ம.தொ.சி.) - இல்லை

"எந்த இடத்துலீங்க மேடம் பார்த்தீங்க?"

பதினொரு வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. இடம் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. கை தானாக எழுந்தது. மேற்குச் சரிவில், பாறை வெடிப்பில் நிற்கும் இச்சிமரத்தைக் காட்டியது. நந்தினி ஓடிப்போய் மரத்தை நான்கு பக்கமும் படம் எடுத்தாள். சுற்றளவு அளந்தாள். தூரிலிருந்து பாறை விளிம்பு வரை டேப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். நான்கு மீட்டர் அறுபது.

பிறகு சின்ன ஒலிபெருக்கியில் ம.தொ.சி. குரலை ஒலிக்கவிட்டாள். இருந்தால் பதில் சொல்லும். பத்து நிமிடம் காத்திருந்தோம். ஒரு வெ.பு.சி. மட்டும் புதருக்குள்ளிருந்து கடகடவென்று கத்திவிட்டுப் போயிற்று. வெ.பு.சி.யும் ஓரளவுக்கு அதே சாயல்தான். பச்சை கலந்த உடம்பு, வாலடியில் மஞ்சள். தெரியாதவர்கள் மாற்றிச் சொல்வதுண்டு. நான் தெரியாதவள் இல்லை.

இறங்கும்போது செல்லத்தாய் ஆடுகளோடு. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்திருப்பாள். நான் மலைக்கு வர ஆரம்பித்ததிலிருந்தே பழக்கம்.

"என்ன டீச்சரம்மா, ரொம்ப நாளா ஆளயே காணும். கூட யாரு, மவளா?"

"இல்ல, குருவி பாக்க வந்திருக்கு."

"ஒங்களுக்கு ஒரு ஆளு தொணைக்குச் சேந்தாச்சு" என்று சிரித்தாள். நந்தினி ஆடுகளை எண்ணினாள். ஐம்பத்திரண்டு. நோட்டில் எழுதிக்கொண்டாள். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிப். 9, திங்கள்

பனி குறைவு. செய்முறைத் தேர்வு முதல் நாள். வெளித்தேர்வாளர் விளாத்திகுளத்திலிருந்து. மைக்ராஸ்கோப் இரண்டில் கண்ணாடி இல்லை. ஒரு பிள்ளை ஒருவித்திலைத் தண்டு வெட்டும்போது விரலையும் வெட்டிக்கொண்டது. பிளாஸ்திரி. "மிஸ், மார்க் கொறைப்பாங்களா?"

நந்தினி தனியாக மலைக்குப் போய் ஐந்து மணிக்கு வந்தாள். முகமெல்லாம் செம்மை. ம.தொ.சி. இல்லை. ஆனால் உற்சாகம். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தாள்.

"கீழ்ச்சரிவுல இளசா ஒரு இச்சிக்கன்று கூட இல்லீங்க மேடம். புதரெல்லாம் இடுப்பு உயரத்துக்கு மேயப்பட்டிருக்கு. முன்னாடி இருந்துச்சு, இப்ப இல்ல, நடுவுல ஆடு. நல்லாப் பொருந்துதுங்க."

வனவரைப் பார்த்துச் சொல்லிவிட்டும் வந்திருக்கிறாள். அவருக்கு மேலிடத்திலிருந்து காட்டு மேம்பாட்டுத் திட்டம் கேட்டிருக்கிறார்களாம். அரிய பறவை ஒன்று ஆட்டால் அழிந்தது என்று அறிக்கை இருந்தால் மலையைச் சுற்றி வேலி போட்டு மேய்ச்சலை நிறுத்திவிடலாம் என்றாராம்.

"அந்தப் பறவை திரும்ப வரவும் வாய்ப்பிருக்குங்க" என்றாள் நந்தினி.

வராது. வந்ததே இல்லை.

சொல்லவில்லை. ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளிக்கொண்டிருந்தேன். கிள்ளி முடித்தேன்.

பிப். 10, செவ்வாய்

காற்று. கொடியிலிருந்த சேலை பக்கத்து வீட்டு மாமரத்தில். இரண்டாம் அணித் தேர்வு. செம்பருத்தி வாடிப்போய் வந்தது. கேஸ் புக் செய்ய.

மாலை நந்தினியோடு செல்லத்தாய் ஊருக்கு. மலையடிவாரத்தில் நாற்பது வீடு. ஆட்டுக்கிடையில் குட்டிகளைப் பிரித்து அடைத்துக்கொண்டிருந்தாள். நந்தினி போனில் ம.தொ.சி. படத்தைக் காட்டினாள். செல்லத்தாய் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"இத நான் பாத்ததே இல்லயே தாயி."

"முன்னாடி இருந்துச்சுங்க. பதினொரு வருசத்துக்கு முன்னாடி."

"இல்ல. கல்யாணமாயி வந்ததுல இருந்து அந்த மலையிலதான் கெடக்கேன். சின்னான் ரெண்டு சாதி உண்டு. ஒண்ணு குண்டியில செவப்பு. இன்னொண்ணு மொணமொணன்னு கத்திக்கிட்டே முள்ளுக்குள்ள பூந்துரும். மொகம் பூராம் மஞ்சளா இப்பிடி ஒண்ணு இருந்தா என் கண்ணுல படாமலா போவும்?"

இரண்டாவதாகச் சொன்னது வெ.பு.சி. இதைவிடச் சரியாக நான் பாடம் நடத்தியதில்லை.

நந்தினி மரியாதையாகத் தலையாட்டினாள். திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து, "பாவம், அவங்க ஆட்டைப் பார்ப்பாங்களா, குருவியைப் பார்ப்பாங்களா மேடம்? பதிவுன்னு ஒண்ணு இருக்கே" என்றாள்.

செல்லத்தாய் சொன்னது உண்மை. நான் எழுதியது பொய். எழுதியது ஜெயிக்கிறது. முகப்பு விளக்கில் பூச்சிகள் வந்து அடித்தன. இதை நினைத்து எனக்கு ஏதாவது ஆக வேண்டும். ஸ்பீடோமீட்டரைப் பார்த்தேன். நாற்பது.

பிப். 11, புதன்

வானம் மூட்டம். மழைக்கு இல்லை. தற்செயல் விடுப்பு கேட்டேன், தேர்வு சமயம் என்று தலைமையாசிரியை மறுப்பு.

அந்த நாளையும் எழுதிவிடுகிறேன். ஒருமுறை.

பதினொரு வருடத்துக்கு முந்தின மார்ச், ஞாயிறு. என் வீட்டுக்காரர் காலையில் எழுந்ததிலிருந்து இடது தோள் வலிக்கிறது என்றார். முந்தின நாள் கடையில் வத்தல் மூட்டை தூக்கியது என்று இரண்டு பேருமே நினைத்தோம். தைலம் எடுத்துக் கொடுத்தேன். தேய்த்துவிடவில்லை. வெயில் ஏறிவிடும், பறவை அடங்கிவிடும். "போயிட்டு வா, திவ்யா இருக்காள்ல" என்றார். திவ்யாவுக்குப் பதின்மூன்று.

மலையில் போனைச் சத்தமில்லாமல் பைக்குள் போடுவது வழக்கம். எல்லாரும் செய்வதுதான்.

பன்னிரண்டேகாலுக்கு வந்தேன். கதவு திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "எங்க போன ஜெயந்தி, எங்க போன" என்றாள். ஆட்டோவில் கொண்டுபோயிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரைகூட உயிர் தாங்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் இவருடைய அக்கா, அத்தனை பேர் முன்னால்: "புருசன் சாகக் கெடக்கான், இவ எந்தக் குருவியப் பாக்கப் போனாளாம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். திவ்யாவும்.

வெறும் வெ.பு.சி. என்று சொல்ல வாய் வரவில்லை. தினமும் கொல்லையில் கத்துகிற சாதி. "மஞ்சள் தொண்டைச் சின்னான்" என்றேன். "ஒலகத்துலயே இந்தப் பக்கத்துப் பாறையில மட்டுந்தான் உண்டு. இங்க யாரும் பாத்ததில்ல."

மதினி வாயை மூடவில்லை. ஆனால் திவ்யா அதைப் பிடித்துக்கொண்டாள். வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள், "அம்மா அன்னைக்கு ரொம்ப அபூர்வமான பறவை பாத்துச்சு." படம் வரைந்து பீரோவில் ஒட்டினாள். மஞ்சள் கிரேயான் தீர்ந்துபோய்த் தொண்டைக்கு மட்டும் ஆரஞ்சு. பறவை பார்க்கும் குழுவுக்கும் செய்தி போயிற்று. பதிவு செய்யுங்கள் டீச்சர், பதிவு செய்யுங்கள். நேரம் 9.20, எண்ணிக்கை 1 என்று பதிவு செய்தேன்.

எழுதியாயிற்று. மணி ஆறு. நந்தினி வந்துவிடுவாள். சப்பாத்தி மாவு.

பிப். 12, வியாழன்

பனி இல்லை. கடைசி அணித் தேர்வு. வெளித்தேர்வாளருக்கு டீ, இரண்டு முறுக்கு. மதிப்பெண் தாளில் ஒரு பிள்ளையின் பெயர் விட்டுப்போய், பிறகு சேர்த்து.

நாலரைக்குப் பள்ளிக்கூட வாசலில் செல்லத்தாய். நல்ல சேலை, தலையில் எண்ணெய். டவுனுக்கு அவள் இப்படி வந்து பார்த்ததில்லை. கூட்டமாகப் பிள்ளைகள் வெளியே போய்க்கொண்டிருந்ததால் வேப்பமரத்தடிக்கு ஒதுங்கினோம்.

"டீச்சரம்மா, பாரஸ்ட்டுக்காரவிய வந்து சொல்லிட்டுப் போயிருக்காவ. பங்குனி பொறந்தா மலையில ஆடு ஏறக்கூடாதாம். ஏதோ குருவி செத்துப்போச்சாம் எங்க ஆட்டால. நாலு குடும்பம். காட்டுல வெள்ளாம இருக்கயில நாங்க எங்கன கொண்டு போயி மேய்ப்போம்? வித்துட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகச் சொல்லுதாவ. எம் மருமவளுக்கு அந்த மருந்து வாடை ஆவாது."

"ம்."

"அந்தக் குருவிய நீங்கதான் பாத்தீங்களாம்."

"ஆமா."

"நெசமாவே பாத்தீங்களா?"

கேட்ட விதத்தில் சந்தேகம் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவ்வளவுதான்.

"பாத்தேன்" என்றேன்.

"அப்ப சரி. எங்கண்ணுக்குத்தான் தப்பியிருக்கும். நீங்க படிச்சவிய, பொய்யா சொல்லுவீங்க? எதுக்கும் அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சரம்மா. பாதி மலையாவது விடச் சொல்லுங்க" என்றாள். ஏழாம் நம்பர் பஸ்ஸுக்குப் போகிறேன் என்று நடந்தாள்.

ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தேன். வீட்டுக்குப் போகிற திருப்பத்தில் திரும்பவில்லை. இரண்டு தெரு தள்ளிப் போய்த்தான் தெரிந்தது. ஓரமாக நிறுத்தினேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒருவன் வந்து, "பெட்ரோல் இல்லையாக்கா?" என்றான். இருக்கு என்றேன்.

பிப். 13, வெள்ளி

மேகமில்லை. விடிந்ததும் பல் துலக்கிவிட்டு நேராகச் சொல்லிவிடுவது என்று எழுந்தேன். டீ போட்டேன். நந்தினி மேசையில் இச்சிமரத்தை வரைந்து, பக்கத்தில் அளவு எழுதிக்கொண்டிருந்தாள்.

"நந்தினி. அந்தப் பறவைய நான் பாக்கல."

"நேத்துங்களா?"

"பதினோரு வருசத்துக்கு முன்னாடி. பாத்தது வெண்புருவச் சின்னான். தெரிஞ்சேதான் மாத்திப் போட்டேன்."

பென்சிலைக் கீழே வைத்தாள். குக்கர் விசில் வந்தது. எழுந்துபோய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தேன்.

"அந்த மரம்?"

"கேட்டதும் காட்டினேன்."

"நான் அதோட சுற்றளவு எடுத்தேனுங்க மேடம்." "டேப்பை நீங்கதான் பிடிச்சீங்க."

"ஆமா."

"இந்த ஒரு பாயின்ட்ட வச்சு ஒரு அத்தியாயமே எழுதி வச்சிருக்கேன். வனவர்கிட்டப் போய் ஆடுதான் காரணம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அந்த அம்மா இல்லைன்னு சொல்றாங்க, நான் அவங்களையே..." நிறுத்தினாள். "ஏனுங்க?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். ஃபிரிட்ஜுக்கு மேலே இவர் படம். தோற்றம், மறைவு, தேதி. செம்பு வாயில் வைத்தபடி நின்றாள். தேதிகளை வாசிப்பது அவள் வேலை. என் பதிவின் தேதி அவளுக்கு மனப்பாடம்.

திரும்பியபோது முகம் வேறு மாதிரி. கோபம் போகவில்லை. அதோடு இன்னொன்றும்.

"மேடம், இந்தத் தேதி..."

"ஆமா."

"எழுதிக் கொடுங்க" என்றாள். "கையெழுத்துப் போட்டு."

நான்கு வரி. இன்ன தேதிப் பதிவு தவறானது, தெரிந்தே செய்தது, நீக்கிவிடவும். காரணம் என்று ஒன்றும் எழுதவில்லை. அவளும் கேட்கவில்லை. படம் எடுத்து எங்கோ அனுப்பினாள். பிறகு வனவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மன்னிப்புக் கேட்டாள். தன் தவறு என்றே சொன்னாள், என் பெயரை எடுக்கவில்லை. எதிர்முனையில் நீளமாக ஒரு மூச்சு.

"பறவை இல்லேன்னா திட்டமும் இல்ல மேடம். வேலிக்கு யாரு பணம் தருவா? நான் சொன்னத அந்த ஆடு மேய்க்கவங்ககிட்ட நானே போய் வாபஸ் வாங்கிக்கிடுதேன்."

அவ்வளவு சுலபம். பதினொரு வருடம் இருந்தது, பதினொரு நிமிடத்தில் இல்லை.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது. தயிர்சாதம் மட்டும்.

பிப். 14, சனி

நந்தினி காலை பஸ்ஸில் மதுரை. அங்கிருந்து அடுத்த குன்றுக்கு. பஸ் ஸ்டாண்டு வரை கொண்டு விட்டேன். கடலைமிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ள மாட்டாள் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டாள். ஏறிய பிறகு ஜன்னலுக்கு வெளியே குனிந்து, "வெ.பு.சி. ஒன்பதுன்னு உங்க கணக்கு சரிதாங்க. நானும் ஒன்பதுதான் எழுதியிருந்தேன்" என்றாள். வேறு ஏதோ சொல்ல வந்து அதைச் சொன்ன மாதிரி இருந்தது.

குழுவில் செய்தி போட்டேன். இருபத்தாறு பேர் பார்த்ததாகக் காட்டியது. பதில் இல்லை. மத்தியானம் ஒருவர், "வருத்தமளிக்கிறது டீச்சர்." அதற்குக் கீழே ஐந்து பேர் கைகூப்பும் பொம்மை. சாயங்காலம் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். சரிதான்.

நடுவில் மொட்டப்பாறை. செல்லத்தாய் கீழ்ச்சரிவில் இருந்தாள். வனவர் முன்னமே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"நான் பாக்கல, செல்லத்தாயி. பொய் சொன்னேன். அன்னைக்கு ஸ்கூல் வாசல்ல கேட்டியே, அப்பவும் பொய்தான்."

அவள் கம்பை ஊன்றிக்கொண்டு கேட்டாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"நான் அன்னைக்கு வீட்டுக்குப் போயி எம் மருமவகிட்டச் சொன்னேன்" என்றாள். "ஏட்டி, எனக்குக் கண்ணு மங்கிட்டு போலுக்குன்னு. மறுநா கண்ணாஸ்பத்திரிக்குப் போவோமான்னு கேட்டா அவ."

ஒரு ஆடு உசிலையில் காலை ஏற்றி நின்றது. "ஹேய்" என்று அதட்டினாள்.

"எங்கண்ணு நல்லாத்தான் இருக்கு, என்ன?"

"நல்லா இருக்கு."

"அப்ப சரி, வாரேன்" என்று ஆடுகளைக் கிழக்கே திருப்பினாள். வழக்கமாக அடிவாரம் வரை பேசிக்கொண்டே வருவாள்.

வெயில். தலை வலித்தது. மாத்திரை. இரண்டு மணி நேரம் தூக்கம்.

பிப். 15, ஞாயிறு

பனி முழுக்க விட்டுவிட்டது. குடிதண்ணீர் வந்தது, ஆறு குடம். துணி துவைக்க. திவ்யா ஞாயிறு பத்தரைக்குக் கூப்பிடுவாள், பெங்களூரிலிருந்து. இன்று நான் ஒன்பதுக்கே கூப்பிட்டேன்.

"என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?"

இல்லை என்றேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அப்பா இறந்த அன்றைக்கு நான் அந்தப் பறவையைப் பார்க்கவில்லை. காரியத்தன்று பெரியத்தை கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னேன். பிறகு விட முடியவில்லை.

அவள் பக்கத்தில் ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கிற மணி அடித்தது. நின்றது.

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேம்மா. ஹாஸ்டல்ல, ஆபீஸ்ல. எங்கம்மா ஒண்ணும் சும்மா ஊர் சுத்தப் போகலன்னு."

"தெரியும்."

"தெரியும்னு சொல்லாத."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூச்சு கேட்டது. நான் நின்றுகொண்டிருந்தேன், ஈரத்துணி ஒன்று கையில்.

"அப்ப அன்னைக்கு என்னதான் பாத்த?"

"ஒண்ணும் பெருசா இல்ல. எப்பவும் உள்ளதுதான்."

"நோட்டுல எழுதுவேல்ல. இருக்கா?"

இருந்தது. பீரோவில், இவர் சட்டைகளுக்கு அடியில். எடுத்து வந்தேன். பென்சில் எழுத்து மங்கியிருந்தது. அன்றைக்குப் பிறகு அதைத் திறந்ததில்லை.

"நான் மொதத் தடவ ஒனக்கு அடிச்சது எட்டு அம்பதுக்கு" என்றாள் திவ்யா. "அப்பா சேர்ல இருந்து எந்திரிக்க முடியலன்னாங்க. அப்ப என்ன பாத்துட்டிருந்த?"

கண்ணாடியைத் தேடிப் போட்டேன்.

"எட்டு அம்பது. மாம்பழச்சிட்டு. ஆண். ஒண்ணு."

"அது எப்பிடி இருக்கும்?"

"மஞ்சளா. றெக்க கருப்பு. விசிலடிக்கிற மாதிரி கத்தும்."

"ம். ஒம்பது அஞ்சு."

"தவிட்டுக்குருவி. ஏழு."

"ஒம்பது பத்து. பக்கத்து வீட்டு அத்தைய கூப்பிட ஓடினேன், கையில போனோட."

"ஒம்பது பத்துக்கு ஒண்ணும் எழுதல. ஒம்பது பன்னெண்டுக்கு மயில். பெட்ட. ரெண்டு."

அவள் அழுதாள். நான் நிறுத்தினேன். "வாசி" என்றாள். "நிறுத்தாத."

"ஒம்பது இருபது. வெண்புருவச் சின்னான்."

"எத்தன?"

"ரெண்டு."

"என்ன செஞ்சிட்டிருந்துச்சு?"

பென்சிலில் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். "கூட்டுக்கு நார் எடுத்துட்டிருந்துச்சு. ஒண்ணு எடுக்கும், ஒண்ணு பாத்துட்டிருக்கும்."

"சரி" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "அடுத்தது?"

"ஒம்பது முப்பத்தஞ்சு. செம்புழைச் சின்னான், நாலு."